தேவசகாயம் வாசித்த தட்டு

நான் கொஞ்சம் கூட்டிப் பேசுகிறவன். ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் ஆயிரத்து நானூறு ஜாஸ் இசைத்தட்டுகள் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். என் மனைவி தில்லையம்மாள் தூசி தட்டும்போது எண்ணினால் முந்நூற்றுப் பன்னிரண்டுதான் வருகிறது. ஆனால் கீழே எழுதியிருப்பதில் ஒரு வினாடிகூடக் கூட்டவில்லை. நேரத்தைக் கடிகாரம் பார்த்து நோட்டில் குறித்திருக்கிறேன். சந்தேகப்படுகிறவர்கள் பிள்ளையார்பாளையம் வந்து பார்க்கலாம். காபி உண்டு.

இன்னொன்று. பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இப்போதே வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். எனக்கு வந்தது பட்டப்பகலில். மாலை காபிக்கு முன்னால்.

பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் சேலையின் தரம் பார்த்தவன் நான். வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் ஒற்றை இழை அறுந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். என்னைக் கண்டால் நெசவாளர்களுக்குக் காய்ச்சல் வரும். (சரி, இது கூட்டியதுதான்.) ஓய்வு பெற்ற பிறகு அதே கண்ணை இசைத்தட்டின் மேல் வைத்தேன். முதல் தட்டை வாங்கியது பாட்டுக்காக அல்ல, அட்டைக்காக. ஆரஞ்சும் கறுப்பும் கட்டங்கட்டமாக நின்ற அழகை அப்படியே ஒரு முந்தானையில் இறக்கலாம். வீட்டுக்கு வந்து ஊசியை வைத்தேன். யாரோ ஒருவன் சாக்ஸபோனில் அழுதுகொண்டே சிரித்தான். அவ்வளவுதான், ஆள் காலி. அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு மதிப்பெண்: இசைக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று.

போன ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து மரியம்மாள் என்ற அம்மா என்னைத் தேடி வந்தார். அறுபது வயதிருக்கும். கணவர் தேவசகாயம் இறந்து எட்டு மாதம் ஆகிறது. சின்ன வயதில் ஐயம்பேட்டை பேண்டு செட்டோடு சாவு ஊர்வலங்களில் மேளம் அடித்தவர். பிறகு சென்னையில் ஒரு ஹோட்டலில் டிரம்ஸ் வாசித்தாராம். துணிப்பையிலிருந்து ஒரே ஒரு தட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இதுல மோளம் வாசிக்கிறது அவருதான்னு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு சார். எம் புள்ள சத்யராஜ் நம்பல. அப்பா ரீல் வுடறாருன்னு சிரிப்பான்."

"நீங்க கேட்டீங்களாம்மா?"

"எங்க கேட்டேன்? மெட்ராஸ் ரூம்ல வெச்சிருந்தாரு. இங்க வந்தப்புறம் பாட்டுப் பொட்டி ரிப்பேரு. அவரு சத்தம் வேற எதுலயுமே இல்ல சார். ஒரு கேசட்டு கூட கெடையாது. நீங்க கேட்டுட்டு, அவருதானா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. இல்லன்னாலும் சொல்லிடுங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தட்டின் சொந்த அட்டை எப்போதோ போய்விட்டது. நடுவில் இருக்க வேண்டிய லேபிளும் கிழிந்திருந்தது. தேவசகாயமே ஒரு அட்டை வெட்டிப் படம் வரைந்திருந்தார். நீல இருட்டு. பியானோ முன் ஒருவன், ஆளுயரப் பேஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு ஒருவன், ஓரத்தில் டிரம்ஸ். டிரம்ஸுக்குப் பின்னால் ஆள் இல்லை. இரண்டு குச்சிகள் மட்டும் அந்தரத்தில். கைப்பழக்கம் போதாது, ஆனால் நீலம் அபாரம். பத்துக்கு ஏழு.

பாட்டு முடியும் இடத்தில் தட்டின் மேலேயே ஒரு எண் கீறியிருந்தது. அதைப் படம் பிடித்து, என்ன தட்டு என்று கேட்டுச் சென்னையிலிருக்கும் உதயகுமாருக்கு அனுப்பினேன். என்னைப் போலவே தட்டுப் பைத்தியம். என்னைவிட இளையவன், என்னைவிடப் பொய் குறைவு.

வியாழக்கிழமை மதியம் 3.41. ஊசியை வைத்தேன்.

பியானோ. பேஸ். பிறகு டிரம்ஸ்... ஆகா! ஈரத் துணியை உதறுவது போல ஒரு வீச்சு. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பத்துக்கு ஒன்பது என்று எழுதப் போனேன். மூன்று நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் டிரம்ஸ் நின்றது. மற்ற இருவரும் அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார்கள். பதினொரு வினாடி. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி, விட்ட இடத்திலிருந்து மேளம்.

"தூங்கிட்டான் பாரு," என்று ஒன்பதை அடித்து ஆறாக்கினேன்.

தில்லையம்மாள் முறத்தோடு வந்து வாசற்படியில் நின்றாள். "தூங்கலைங்க. கோயில தாண்டறாங்க."

எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் சாவு மேளம் கோயில் வாசல் வந்தால் நின்றுவிடும். பேசாமல் நடந்து, கோயிலைத் தாண்டியதும் மறுபடி அடிப்பார்கள். தடுக்கி விழுந்தால் கோயில் இருக்கிற ஊரில் மேளம் பழகிய கை... அந்த நிறுத்தம் ரத்தத்தில் ஊறியிருக்கும். வேறு எந்த ஊர்க்காரனும் ஜாஸுக்கு நடுவில் இப்படி நிறுத்த மாட்டான்!

"அவரேதான்டி!" என்று கத்தினேன். ஆறை மறுபடி ஒன்பதாக்கினேன். சந்தோஷம் தாங்காமல் கூடத்தில் மூன்று சுற்று நடந்தேன். இன்னொரு முறை கேட்டு, நிற்கிற இடத்தைச் சரியாகக் குறித்துக் கொடுத்தால் அந்த அம்மா எத்தனை சந்தோஷப்படுவார்!

4.02. மறுபடி ஊசி.

இந்த முறை இரண்டு நிமிடம் நாற்பதில் நின்றது.

தட்டில் வெட்டிய கோடு இடம் மாறாது. அது துணியில் விழுந்த இழை மாதிரி. விழுந்தது விழுந்ததுதான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தொன்பது வினாடி. பியானோவுக்கு அடியில் வேறு ஏதோ சத்தம். காதை ஒலிபெருக்கியில் ஒட்டினேன்.

சரக்... சரக்... சரக்...

செருப்புகள். நிறையப் பேர். யாரும் பேசவில்லை.

"அத நிறுத்துங்க," என்றாள் தில்லையம்மாள். அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கை அரித்தது. 4.16. மூன்றாவது முறை.

ஒரு நிமிடம் ஐந்தில் நின்றது.

சரக்... சரக்... இப்போது ஒலிபெருக்கியில் காது வைக்க வேண்டியிருக்கவில்லை.

ஜன்னலுக்கு ஓடினேன். தெருவில் வெயில். ஒரு சைக்கிள். வேறு யாரும் இல்லை.

மேளம் மறுபடி தொடங்கியது.

ஊசியைத் தூக்கினேன். பியானோ நின்றது. பேஸ் நின்றது.

மேளம் நிற்கவில்லை.

சுவிட்சை அணைத்தேன்... தட்டு சுற்றுவது நின்றது... மேளம் எனக்குப் பின்னால்... கூடத்தின் நடுவில்...

நான் திரும்பவில்லை.

4.19. ஓய்ந்தது.

அன்று இரவு நாங்கள் இருவரும் விளக்கை அணைக்காமல் படுத்தோம். மறுநாள் காலை பதினொரு மணிக்கு மரியம்மாள் வந்தார். வாசலிலேயே நின்று, "அவருதானா சார்?" என்றார்.

செருப்புச் சத்தத்தைச் சொல்லவில்லை. அறுபத்தெட்டு வயதில் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதையைக் குறைத்துச் சொன்னேன். "அவரேதாம்மா. நடுவுல கோயிலுக்கு நிறுத்தறாரு. வேற யாரும் அப்படி வாசிக்க முடியாது."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவரு பொய் சொல்லல," என்றார். அழவில்லை. "பொட்டிய இன்னிக்கி ரெடி பண்ணிடறேன்னு சத்யராஜ் சொல்லிக்கிறான். வீட்ல போட்டு அவனையும் கேக்க வெக்கறேன்." தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அது வீட்டை விட்டுப் போனதில் எனக்கு எத்தனை நிம்மதி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை மாலை 5.20. உதயகுமார் கூப்பிட்டான்.

"அண்ணே, அந்த நம்பர் கண்டுபிடிச்சிட்டேன். எங்கிட்டயே ஒண்ணு இருக்குது. பெருசா ஒண்ணும் இல்ல, பிராக்டிஸ் தட்டு."

"அப்படின்னா?"

"மோளம் பழகறவங்களுக்குன்னு போட்டது. பியானோவும் பேஸும் மட்டும் இருக்கும். தட்டப் போட்டுட்டு நாமளே கூட உக்காந்து வாசிச்சிக்கணும்."

"டிரம்ஸ்?"

"அதுல டிரம்ஸே கெடையாதுண்ணே."

போனை வைத்தேன். உடனே மறுபடி அடித்தது. 5.26. மரியம்மாள்.

"சார்... தட்ட மாத்திக் குடுத்துட்டீங்களா? நாலு வாட்டி போட்டுட்டேன். பியானோ கேக்குது, இன்னொண்ணு தொம் தொம்முன்னு கேக்குது. மோளமே இல்ல. சத்யராஜ் என்னையே பாக்கறான் சார்."

என்ன சொல்வது? தில்லையம்மாள் கடைக்குப் போயிருந்தாள். கூடத்தில் நான் மட்டும். ஊசி அதன் கொக்கியில் மாட்டியிருந்தது. அந்த வியாழக்கிழமையே பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அந்தப் பக்கம் மரியம்மாளின் குரல், மிக மெதுவாக...

"சார்."

"சொல்லுங்கம்மா."

"உங்க பின்னால யாரு வாசிக்கறது?"

இந்த முறை திரும்பிப் பார்த்தேன்.

"யாரும்... யாரும் இல்லம்மா. எனக்கு ஒண்ணும் கேக்கல."

"போன வெச்சிடாதீங்க சார். அப்படியே புடிச்சிக்கினு இருங்க. டேய் சத்யராஜ்... ஓடியா... வந்து காத வையி..."

இருபத்து மூன்று நிமிடம். போனைக் கூடத்தை நோக்கி நீட்டியபடி நின்றேன். ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. போனுக்குள் மட்டும், ரொம்ப தூரத்தில், அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.