மூக்கைத் தூக்கும் வண்டி

இந்த ஊரில் பால் வாங்கச் சக்கரமில்லாத வண்டியில் போகிறார்கள். கனடாவின் வடக்குப் பக்கம் இருக்கும் இந்தச் சின்ன டவுனுக்கு வந்த புதிதில், மளிகைக்கடை வாசலில் அப்படி ஒன்று நிற்பதைப் பார்த்தேன். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் அடிவயிறு முழுக்கச் சுற்றி ஓடும் அகலமான ரப்பர் பட்டை. பெயர் ஸ்னோமொபைல். இருபது வருஷம் டிராக்டருக்கு அடியில் படுத்துப் பிழைத்தவன் சும்மா போவேனா? பனியில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். வண்டிக்காரர் பாலோடு வெளியே வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சக்கரம் என்றேன். அவரும் பாவம், பாலைக் கீழே வைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து குனிந்து தேடினார். கடைசியில் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தா.பழூர். அங்கே டிராக்டர் பட்டறை வைத்திருந்தேன். மனைவி கலைச்செல்விக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும் பட்டறையைப் பூட்டிச் சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டு அவள் பின்னால் வந்தேன். வந்து கிடைத்த வேலை, லிண்டா என்ற பெண்மணியின் ஸ்னோமொபைல் பட்டறையில் தரை கூட்டுவதும் வாசல் பனியை அள்ளுவதும். அதில் எனக்கு வெட்கமில்லை என்று சொன்னால் அது பொய். சிறுவாச்சூரிலிருந்து அத்தை போனில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டபோது கலைச்செல்வி பளிச்சென்று பதில் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"மெக்கானிக்குன்னு சொல்லிட்டேங்க. எப்படியாவது ஆயிடுங்க."

ஆவதற்கு ஒரு வருஷம் பிடித்தது. எந்த மெக்கானிக்கின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாலும் அவர் நகர்ந்து, பெருக்குவதற்கு இடம் விடுவார். போன குளிர்காலத்தில்தான் லிண்டா மூலையில் கிடந்த பழைய மஞ்சள் வண்டி ஒன்றைக் காட்டினாள். மிதிபட்டு இறுகிய பாதையில் அது ஓடும். பாதையை விட்டு இறங்கினால் இடுப்பளவு பனியில் முங்கிவிடும். அதன் சஸ்பென்ஷனை ஆழப் பனிக்கு ஏற்ற மாதிரி மாற்றி ஓட்டிக்காட்டினால் எனக்கென்று ஒரு வேலை மேஜை, இல்லாவிட்டால் வழக்கம்போல் துடைப்பம். மாற்றியவன்தான் முதலில் ஓட்ட வேண்டும் என்பது அவள் பட்டறையின் சட்டம். இதென்ன பிரமாதம் என்று ஒரு வாரத்தில் முடித்தேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்?

எங்கள் பக்கத்து டிராக்டர் வேலையில் முதல் பாடம், மூக்கு தூக்கக் கூடாது. நடவுக்குச் சேறடிக்கும்போது பின்சக்கரம் புதைந்து, டிரைவர் முரட்டுத்தனமாக ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பும். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் வண்டி மல்லாந்து டிரைவர் மேலேயே விழும். என் பெரியப்பா மகன் செந்தில் அண்ணன் அப்படி விழுந்தவர். சேறு மெத்தென்று இருந்ததால் உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. அவரை வெளியே இழுத்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு முன்னால் இரும்புப் பாரம் மாட்டாமல் ஒரு டிராக்டரையும் நான் பட்டறையை விட்டு அனுப்பியதில்லை.

அதே பக்தியோடு மஞ்சள் வண்டிக்கும் வைத்தியம் பார்த்தேன். பின்பக்கம் அமுங்காமலிருக்கக் கெட்டியான ஸ்பிரிங் போட்டேன். ரப்பர் பட்டைக்குள் முன்பக்கம், மூக்கை எழும்ப விடாமல் கட்டிப் பிடித்திருக்கும் வாரை இரண்டு ஓட்டை இறுக்கினேன். போதாததற்கு, மூக்கில் பத்து கிலோ இரும்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். லிண்டா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, மீன் பிடிக்கப் போகிறாயா என்று கேட்டாள். நங்கூரம் என்று நினைத்துவிட்டாளாம். நான் ஊர்க்காரச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து வைத்தேன்.

பட்டறைக்குப் பின்னாலுள்ள சரிவில் ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தேன். வண்டி தலைகீழாகக் கிணற்றில் குதிக்கிற மாதிரி பனிக்குள் போயிற்று. நான் அதைத் தாண்டிப் போனேன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லக்கூட வழியில்லை, மீசை முழுக்கப் பனி. லிண்டா அந்த இரும்பை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அது எனக்குத் திட்டுவதை விட வலித்தது.

அள்ளிப் போட்டு வண்டியை மீட்க மதியம் ஆயிற்று. அள்ளும்போதுதான் உறைத்தது. வயலில் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை உண்டு. சக்கரம் கீழே போய் அதைப் பிடித்தால் வண்டி நகரும். இங்கே நான் ஓர் ஆள் மட்டத்துக்குத் தோண்டியும் கீழே தரையென்று ஒன்று தட்டுப்படவில்லை. பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் மேலே ஏறித்தான் ஓட வேண்டும். ஏற வேண்டுமானால் மூக்கு தூக்கத்தான் வேண்டும். நான் செய்த மூன்றையும் தலைகீழாக மாற்றினேன். பின் ஸ்பிரிங்கை மிருதுவாக்கி வாரைத் தளர்த்தினேன். பாரத்தை லிண்டா ஏற்கெனவே கழற்றியிருந்தாள். ஒவ்வொரு போல்ட்டைத் தளர்த்தும்போதும் செந்தில் அண்ணனுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் ஓட்டினேன். பின்பக்கம் அழகாக அமர்ந்தது, மூக்கு எழும்பியது. அவ்வளவுதான், என் உடம்பு என்னைக் கேட்காமல் முன்னால் கவிழ்ந்தது, விரல் ஆக்ஸிலேட்டரை விட்டது, வண்டி பொத்தென்று உட்கார்ந்து புதைந்தது. மூன்று தடவை ஓட்டியும் இதே கதை. எனக்கு அழுகை வந்தது; துடைப்பம் கண்முன் நின்றது. லிண்டா என்னை இறக்கிவிட்டுத் தானே ஏறினாள். மூக்கை வானத்துக்குக் காட்டியபடி சரிவின் உச்சி வரை போய், வளைத்துத் திரும்பி வந்து நிறுத்தினாள்.

"வண்டி சரியா இருக்கு. உன்னைத்தான் செட் பண்ணணும்" என்றாள். மேஜை எனக்கு. சட்டத்திலும் ஒரு திருத்தம்: இனி நான் மாற்றுவேன், அவள் ஓட்டுவாள்.

கலைச்செல்வி அன்றே சிறுவாச்சூருக்குப் போன் போட்டு, அவர் மெக்கானிக் ஆகிவிட்டார் என்றாள்.

"அதான் போன வருஷமே சொன்னியேடி. இன்னமும் அதே வேலைதானா?" என்றார் அத்தை.

இந்தக் குளிர்காலத்தில் ஆறு பழைய வண்டிகளை ஆழப் பனிக்கு மாற்றிவிட்டேன். ஆறும் மூக்கைத் தூக்குகின்றன. தூக்காவிட்டால் என் வேலை போய்விடும். லிண்டா ஒவ்வொன்றையும் சரிவில் ஏற்றும்போது ஜன்னலருகே நின்று பார்ப்பேன். மூக்கு எழும்ப எழும்பச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நேரத்தில், கையில் ஸ்பானரோடு, ஆடாமல் அசையாமல் கிடக்கும் சிமெண்ட் தரையில் நின்றுகொண்டு, அந்த மூக்கை அழுத்தி இறக்கப் பார்க்கிறவனைப் போல நான் இடுப்பை வளைத்து முன்னால் குனிகிறேன்.