அப்பா விசாவிலிருந்து காக்கா விசாவுக்கு

டைப்பிங் சென்டர் வேலை என்பது ஊரார் தலையெழுத்தை அரபியில் தட்டிக் கொடுக்கிற வேலை. விசாவுக்காக நகம் கடித்த சகோதரர்களே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து "சிஸ்டம் ஸ்லோ" என்று உங்களை வதைத்தவன் நானேதான். ஆனால் போன வருஷம் நானும் உங்கள் கட்சி. படிப்பை முடித்துவிட்டு, அப்பா விசாவில் ஒட்டிக்கொண்டு, அமீரகத்துப் புஜைராவில் காக்காவின் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் முதலாளிக்கு ஊர் முழுக்கத் தம்பிகள்.

எண்ணெய் டேங்க் யார்டில் அப்பாவுக்குக் காண்ட்ராக்ட் முடிகிற நேரம். அவர் விசா போனால் என் விசாவும் போகும். அதற்குள் காக்கா எனக்குக் கம்பெனி விசா போடவேண்டும். இல்லாவிட்டால், லீவுக்கு மட்டும் பார்த்திருக்கிற பரமக்குடிக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். என்னிடம் இருந்த ஒரே சொத்து, யார் குரலையும் அப்படியே எடுத்துவிடுகிற இந்தத் தொண்டை.

ஊருக்கே ஒரு கோட்டு

விசா போட்டோவுக்குப் பின்னால் வெள்ளைத் திரை. சட்டையும் வெள்ளையாக இருந்தால் தலை மட்டும் தனியே மிதக்கும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காகவே கடை ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். கொத்தனார், டிரைவர், சமையல்காரர் எல்லோருக்கும் அது ஒன்றுதான். முதுகுளத்தூர் அண்ணன் ஒருவர், கம்பி கட்டுகிறவர், போட்டோ எடுத்து முடித்தும் கோட்டைக் கழற்றவில்லை. தன் போனை என்னிடம் நீட்டினார்.

"ஊர்ல பொண்ணு பாக்குறாங்க தம்பி. கீழ கைலி தெரியாம ஒண்ணு எடுத்துரு."

வரிசையின் மூச்சு

புது ஆட்களை விசா மெடிக்கல் டெஸ்ட்டுக்கு அழைத்துப் போவதும் என் டூட்டிதான். எக்ஸ்ரே அறைக்குள்ளிருந்து "சாஸ் ரோகோ!" என்று ஓர் உறுமல் வரும். மூச்சைப் பிடி என்று அர்த்தம். உறுமுகிறவர் லாகூர்க்காரர், சிங்கம் இந்தி படித்தால் அந்தக் குரல்தான் வரும். ஒரு நாள் எனக்குத் தொண்டை அரித்தது. வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு அதே உறுமலை எடுத்து விட்டேன்.

வெளியே நின்ற வரிசை மொத்தமும் கன்னத்தை உப்பிக்கொண்டு சிலையாகிவிட்டது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு விட்டால் விசா போய்விடுமோ என்ற பயம். எனக்கு முன்னால் நின்ற தஞ்சாவூர் வெல்டர் மட்டும், கூட்டி வந்தவன் நான்தானே என்று, பாதி மூச்சில் என் கையைப் பிடித்தார்.

"விடச் சொல்லு தம்பி, கண்ணு இருட்டுது."

சேட்டன் பேசுகிறார்

என் விசாவைப் பற்றிக் காக்காவிடம் தினமும் கேட்பேன். "பாப்போம் வாப்பா" என்பார், அத்தோடு சரி. கம்பெனிக்கு இத்தனை பேர் என்று கோட்டா உண்டு. அது காலியாக இருக்கிறதா என்று தெரிந்தால்கூட இரவில் தூங்குவேன். எங்கள் கடைக்கு வேண்டிய மலையாளி பி.ஆர்.ஓ. ஒருவர், ஆபீஸ் ஆபீஸாக அலைந்து விசா வேலைகளை முடித்துத் தருகிறவர். அவர் குரல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மேஜைக்குக் கீழே குனிந்து, கடை போனிலிருந்து காக்காவின் கண்ணாடிக் கேபினுக்கு அடித்தேன். "காக்கா, சுகமல்லே? ஆ பையன்டெ விசா எந்தாயி? கோட்டா உண்டோ?" காக்கா ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னார்.

"கோட்டா ஈக்குது சேட்டா. ஆனா நீங்க பேசுறது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜைக்கு அடியில இருந்து கேக்குதே, ஏதும் தொலைச்சிட்டீங்களா?"

பட்டாணியும் பட்டாணியும்

தண்ணீர் லாரி ஓட்டும் பாகிஸ்தான் பட்டாணி ஒருவர், கதவை நிரப்பிக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய மனு திரும்பி வந்திருந்தது. அவர் போட்ட சத்தத்தில் ஏசி நின்றுவிட்டதாக ஞாபகம். காக்கா கேபினுக்குள் திடீரென்று யாருக்கோ போன் செய்ய ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள், தொண்டை முந்திக்கொண்டது. அதே சுருதி, அதே கையாட்டல், அதே "ஓ பாயி! கியா மஸ்லா ஹை!" என்னய்யா பிரச்சினை என்று அர்த்தம். அவர் நின்றார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அந்த உடம்பு குலுங்கிச் சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து டீ சொன்னார். மனுவைச் சரி செய்து கொடுத்தேன். அவர் போனபிறகு காக்கா மெதுவாகத் தலையை நீட்டினார்.

"நாளைக்குப் பாஸ்போர்ட்டைக் கொண்டா வாப்பா. அந்த ஆளு திரும்ப வரும்போது நான் தனியா ஈக்க முடியாது."

என்னை நானே ரத்து செய்தேன்

புது விசா ஏறவேண்டும் என்றால் பழைய கபீல் நம்மை விடுவிக்க வேண்டும். கபீல் என்றால் இந்த மண்ணில் நமக்குப் பொறுப்பேற்றவர். இத்தனை வருஷமும் என் கபீல் அப்பா. டூட்டியிலிருந்து நேராக, எண்ணெய் வாசனை வீசுகிற யார்டு அங்கியும் சேஃப்டி ஷூவுமாக வந்தார். காக்கா தன் மெத்தை நாற்காலியைக் கொடுத்தார். அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார்.

தட்டியவன் நான்தான். பெயர்: என் பெயர். உறவு: மகன். கோரிக்கை: ரத்து. அந்தக் கடைசிச் சொல்லில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். சூழ்நிலையைச் சரிக்கட்ட, டோக்கன் மெஷின் பெண்ணின் குரலை எடுத்தேன்: "அப்பா அவர்கள் ஒன்றாம் கவுண்டருக்கு வரவும்." வீட்டில் இதைச் செய்தால் வயிறு வலிக்கச் சிரிக்கிறவர். அன்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார்.

"பயப்படாதீங்க, நீங்க கேன்சல் பண்ணுன கையோட நான் அடுத்ததைப் போட்டுருவேன்" என்றார் காக்கா. அப்பா கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

"இவ்வளவு நாளும் நீ என் பேர்ல இருந்த. இனிமே இந்த ஊரைப் பாக்கணும்னா நான் உன் பேர்லதான் விசிட்டுக்கு வரணும். கூப்புடுவியாடா?"

விசா வந்துவிட்டது, அப்பா பரமக்குடிக்குப் போய்விட்டார். மாற்றம் என்று பார்த்தால், முதல் கபீல் திட்டிக்கொண்டே சோறு போட்டார், இரண்டாவது கபீல் திட்டிக்கொண்டே சம்பளம் போடுகிறார்.