மறுநாளும் வந்த பாட்டுக்காரர்

ஒருவரை மறுநாளும் வரச்சொல்வது அவருக்குத் தீங்காக முடியுமா? தொண்ணூறுகளில், வெளிமாநிலத்தில், ஈஜிபுரா என்ற பகுதியில் நான் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தபோது, புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியத்தை வாசித்தபடி ஊர் ஊராகச் செல்லும் ஒருவரால் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

ஒல்லியான உடல்; வாத்தியத்தின் கனத்தால் ஒரு பக்கம் இறங்கிய தோள். ஒரு தெருவில் வாசித்தால், ஒரு மாதம் கழியாமல் அங்கே திரும்பமாட்டார். அந்த வழக்கத்தை அறியாமல், அவர் வாசிப்பைக் கேட்ட முதல் நாளே "நாளைக்கும் வாங்கண்ணா" என்றேன்.

"வேணாம் சார். மாசத்துக்கு ஒருவாட்டி வந்தா பாட்டுக்காரன். மறுநாளே வந்தா தொல்லை."

"எனக்காக வாங்க. பேச்சுத்துணைக்குக்கூட இங்க ஆளில்ல."

"எனக்கு மட்டும் யாரு இருக்கா?" என்று சிரித்தார்.

மறுநாள் வந்தார். முதல் பாட்டு முடிவதற்குள் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்தார்.

"என்னப்பா, இங்கயே ரூம் போட்டுட்டியா? ஹோகப்பா, போ! இனிமே இந்தத் தெருவுல பார்த்தேன், போலீஸ்தான்."

நான்தான் அழைத்தேன் என்று குறுக்கிட்டேன்.

"அப்ப உன் ரூமுக்குள்ள உக்கார வெச்சுக் கேளு!"

நான் மேலும் பேசுமுன் பாட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். "வுடுங்க சார். நான் போயிடுவேன். நீங்க இங்க குடியிருக்கணும்."

அதன்பின் அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. மாதம் ஒருமுறை அடுத்த தெருவில் அந்த வாத்தியம் கேட்கும். எங்கள் தெருமுனை வரை நெருங்கி, அப்படியே திரும்பிவிடும்.