காலர் நின்ற கழுத்து

துணிக்கடையில் மற்றவர்கள் விலையைப் பார்ப்பார்கள். நான் காலரைப் புரட்டிப் பார்ப்பேன். போன வாரம் மாலில் மகன் ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்தபோதும் கை தானாக அவன் பின்கழுத்துக்குப் போய்விட்டது. "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று நெளிந்தான். லேபிளில் பங்களாதேஷ் என்று இருந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் செல்வி ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் பெங்களூர் நீலசந்திராவிலிருந்து ஒரே பஸ்ஸில் கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்குப் போனவர்கள். லைனில் அவள் காலர் தைப்பாள். நான் அதில் லேபிள் வைப்பேன். கைக்கு ஒருத்தி, பாக்கெட்டுக்கு ஒருத்தி, பொத்தானுக்கு ஒருத்தி. முழுச் சட்டையை யாருமே தைத்ததில்லை. "பேக பேக" என்று சூப்பர்வைசர் கன்னடத்தில் விரட்டுவார். சட்டை பெட்டிக்குள் போய்க் கப்பலேறிவிடும். பள்ளிக்கூடத்தில் வராத இங்கிலீஷ், 'மேட் இன் இந்தியா' என்கிற அளவுக்கு மட்டும் எனக்கு அங்கே வந்தது. அதை வைத்தே தெருவில் இங்கிலீஷ்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

செல்விக்குக் கிருஷ்ணகிரியில் மாப்பிள்ளை முடிவாயிற்று. கல்யாணத்தோடு வேலையை விட வேண்டும். ஒருநாள் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமலேயே சொன்னாள்: "போறதுக்குள்ள ஒரே ஒரு தடவ, நான் தெச்ச காலரு ஒரு மனுசன் கழுத்துல நிக்கறத பாக்கணும்டி." எதற்கும் கேலி பேசுகிற எனக்கே அன்று கேலி வரவில்லை.

வெளிநாட்டுக்குப் போகிற சட்டையை வெள்ளைக்காரர்தானே போட்டிருப்பார்? எங்கள் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிகேட் ரோட்டில் வெள்ளைக்காரர்களின் முதுகைப் பார்த்தபடி அலைந்தோம். கடைசியில் ஒருவர் கிடைத்தார், அப்போது எங்கள் லைனில் ஓடிக்கொண்டிருந்த நீலக் கட்டம் போலவே ஒரு சட்டையில், இளநீர் குடித்துக்கொண்டு. "நீதான இங்கிலீஷ்காரி, கேளு" என்று செல்வி என்னைத் தள்ளிவிட்டாள். "சார், காலர், ப்ளீஸ்" என்றேன். நல்ல மனுஷர், ஏதோ பூச்சி என்று நினைத்துக் குனிந்து கொடுத்தார். நாங்கள் புரட்டுவதைப் பார்த்த இளநீர்க்காரர், "ஏனம்மா, ஹேனு நோட்தா இத்தீரா?" என்றார். பேன் பார்க்கிறோமாம்! லேபிளில் தாய்லாந்து என்று இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்களின் காலரையே செல்வி பார்த்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கமர்ஷியல் ஸ்ட்ரீட் சந்தில், எக்ஸ்போர்ட்டில் கழித்த சட்டைகளைக் குவித்து விற்கும் கடைக்குப் போய்க் கிளறினேன். அந்தச் சட்டைகளில் லேபிளைக் கத்தரித்திருப்பார்கள். கத்தரித்திருந்தால்தான் அசல் என்று ஜனங்கள் நம்புவார்கள். நான் வைத்த லேபிளை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தைப் பெருமையாக என்னிடமே காட்டி விற்றார் கடைக்காரர். மாதக்கணக்காகக் கண்ணில் ஆடிய அதே நீலக் கட்டம். வாங்கிக்கொண்டுபோய்ச் செல்வி கையில் கொடுத்தேன்.

ரிசப்ஷனில் மாப்பிள்ளை அதைத்தான் போட்டுக்கொண்டார். வெளிநாட்டு அளவு, இன்னொரு கழுத்துக்கும் உள்ளே இடம் இருந்தது. போட்டோகிராபர் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கச் சொன்னால் செல்வி காலரையே பார்த்தாள். பரிசு கொடுக்க மேடையேறிய என் காதில், "நிக்குதுடி" என்றாள். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

எங்கள் கார்மென்ட்ஸ் இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட். அந்தச் சட்டைக் கடையில் செல்போன் கவர் விற்கிறார்கள். நீலக் கட்டம் கிழிகிறவரை உழைத்து, கடைசியில் ஸ்கூட்டர் துடைக்கப் போய்விட்டது.

மாலிலிருந்தே செல்விக்குப் போன் செய்தேன். "பங்களாதேஷாம்டி. இப்பல்லாம் எங்கயோ தெக்கறாங்க" என்று குறைப்பட்டேன்.

"காலரு நிக்குதா?" என்றாள்.

மகனைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே நின்றது. சொன்னேன்.

"அப்ப வாங்கு. தெச்சவளால பாக்க முடியாது. அவளுக்காக நீ ஒருவாட்டி நல்லாப் பாத்துடு."