இயந்திரக் கையின் பிடியில்

கீரனூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறேன். அங்கே இரண்டு வருடமாக ஒரு ரோபோ கைக்குத் தோல் செய்துகொண்டிருந்தோம். சிலிக்கோன் ரப்பரில் வார்த்த மெல்லிய தோல். நம் விரல் நுனியில் இருப்பதுபோலவே அதிலும் ரேகைகள். எதையாவது தொட்டால் ரேகைகள் அமுங்கும். உள்ளே ஓடும் மின்சாரம் மாறும். கை அதற்கு மேல் இறுக்காமல் நின்றுவிடும். தக்காளியை நசுக்காமல் எடுத்தது. முட்டையையும் எடுத்தது.

அன்று காலை பதினொரு மணிக்கு அதைப் பார்வையிட, ஆய்வுக்குப் பணம் தரும் நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் என் மணிக்கட்டையே கொடுத்துக் காட்ட நினைத்தேன். அதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"வேணாங்க மேடம், தக்காளியே போதும்" என்றார் ஆய்வக உதவியாளரான அக்கா.

"ஒண்ணும் ஆகாதுக்கா."

விரல்கள் மூடின. ரப்பர் குளிர்ச்சியாக என் தோலில் பட்டது. ஆனால் கணினித் திரையில் அழுத்தம் பூஜ்யம் என்றுதான் இருந்தது. இன்னும் சரியாகப் படவில்லை போல என்று நினைத்தேன். அதற்குள் பிடி இறுகியது. திரையில் அப்போதும் பூஜ்யம். எலும்பு வரை அழுத்தம் இறங்கியது.

"அக்கா, ஆஃப் பண்ணுங்க."

அக்கா ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். மோட்டார் நின்றது, விரல்கள் திறக்கவில்லை. மின்சாரம் போனாலும் பிடித்ததை விடாத பற்சக்கரம் அது. கனமான பொருளைக் கீழே போட்டுவிடக் கூடாது என்று நானே தேர்ந்தெடுத்தது.

"ஸ்க்ரூவக் கழட்டணும். விரலுக்கு ரெண்டு" என்றேன்.

மூன்று விரல், ஆறு திருகு. என் விரல் நுனிகள் வெளுத்து, பிறகு நீலம் பாரித்தன. அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான்காவது திருகில் திருப்புளி வழுக்கியது. "இங்கிட்டுப் பாக்காதீங்க மேடம், அங்கிட்டுத் திரும்பிக்கங்க" என்றார். திரும்பிக்கொண்டேன். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஆறாவது திருகு கழன்றதும் கையை உருவிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வந்தவர்களிடம் வீங்கிய மணிக்கட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். "ஏன் நிக்கல?" என்று ஒருவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள்.

பிரித்துப் பார்த்தபோது, விரல் மடங்கும் இடத்தில் மயிரிழை போன்ற ஒரு கம்பி அறுந்திருந்தது. தோல் மரத்துப்போயிருந்தது, கையோ எதையும் தொடவில்லை என்றே நம்பியிருந்தது.

சாயங்காலம் புதுக்கோட்டை பஸ்ஸில் வரும்போது அப்பா ஞாபகம் வந்தது. வெகுகாலச் சர்க்கரை நோயாளி. பைக் சைலன்சரில் கால் பட்டுக் கொப்புளித்ததை அவர் அறியவே இல்லை; அம்மாதான் பார்த்துப் பதறினாள். "வலிச்சாத்தானே தெரியும்" என்றார் அப்பா.

மறுநாள் வேலையைத் திரும்ப ஆரம்பித்தோம். எதையும் தொடாதபோதும் தோல் சின்னதாக ஒரு மின் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் கை திறந்துவிட வேண்டும். நம் நரம்புகளும் முழுதாக ஓய்வதில்லை என்று படித்திருந்தேன், யோசித்ததில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி மணிக்கட்டைக் கொடுத்தேன். விரல்கள் மூடி, மெதுவாகப் பற்றி நின்றன.

"வெட்டுங்கக்கா."

அக்கா என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அன்று அறுந்த அதே இடத்தில் கம்பியைக் கத்தரித்தார். விரல்கள் மூன்றும் திறந்தன. நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல கைய எடுங்க மேடம்" என்றார் அக்கா.