உறைமழையில் என் மகளோடு பேசியவர்

ஆண்டவர் என் வீட்டுக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஆஹென் நகரில் பொறியியல் படிக்கும் எங்கள் ஒரே மகள் ஷாலினி அதற்காகக் காரில் புறப்பட்டிருந்தாள். லைசென்ஸ் எடுத்த பிறகு அவளுக்கு அதுதான் முதல் குளிர்காலம். குளிர்கால டயர் பூட்டியிருந்தோம். கண்ணாடியில் படியும் பனியைச் சுரண்டப் பழக்கியிருந்தேன். செய்யவேண்டியதையெல்லாம் செய்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

பின்னேரம் மழை தூறியது. விழுந்த துளி விழுந்த இடத்திலேயே உறைந்தது. கூட்டத்துக்கு வந்த ராஜன் அண்ணை எங்கள் வாசலிலேயே வழுக்கி, படிக் கம்பியைப் பிடித்துத் தப்பினார்.

"தம்பி, றோட்டிலை கால் வைக்க ஏலாது. கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

என் பிள்ளை அந்நேரம் நெடுஞ்சாலையில் இருந்தாள். உடனே அழைத்தேன்.

"எங்கை பிள்ளை நிக்கிறாய்?"

"வாறன் அப்பா. போனை வையுங்கோ."

வைத்தேன். மனம் கேட்கவில்லை. மறுபடி அழைத்தேன். மனைவியும் அழைத்தாள். வந்திருந்தவர்களும் அன்பு மிகுதியில் ஆளுக்கொரு போனைக் கையில் எடுத்தார்கள். நம்மவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை வழியில் இருந்தால், அது வந்து சேரும்வரை சொந்தபந்தம் எல்லாம் அழைத்துக்கொண்டே இருக்கும்.

கடைசியாக நான் அழைத்தபோது அவள் அழுதாள்.

"அப்பா, நான் றோட்டைப் பார்க்கிறதோ, உங்கள் எல்லாருக்கும் பதில் சொல்லுறதோ? இப்பக் கார் ஒருக்கா வழுக்கி இழுத்திட்டுது!"

இணைப்பு அறுந்தது. நான் கேட்டதை மற்றவர்களுக்குச் சொன்னேன்.

"நான் ஒருக்காத்தான் எடுத்தனான்," என்றார் கூட்டத்துக்கு வந்திருந்த ரதி அக்கா.

"எல்லாரும் ஒருக்காத்தான் அக்கா. அங்கை அவள் ஒராள்தானே," என்றாள் என் மனைவி. பிறகு என் கையிலிருந்த போனைப் பறித்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். "இஞ்சாருங்கோ, போன் எடுத்தது காணும். முழங்காலிலை நில்லுங்கோ."

நின்றேன். பெரிய ஜெபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, நான் இனி அவளோடை கதைக்கமாட்டன். நீரே அவளோடு பேசும்," என்று மட்டும் கதறினேன். எல்லோரும் போன்களை வைத்துவிட்டு அழுது ஜெபித்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்டனை போல இருந்தது அந்தக் காத்திருப்பு.

பிறகு மேசையில் போன் அதிர்ந்தது.

"அப்பா, நான் ஒரு பெற்றோல் நிலையத்திலை நிக்கிறன். சுகமாய் நிக்கிறன்."

நடந்ததை அவள் சொன்னாள். அவளுடைய போன் காரின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. நாங்கள் அழைக்கும் ஒவ்வொரு முறையும் ரேடியோ அடங்கிவிடும். எங்கள் அழைப்புகள் நின்றதும் ரேடியோ மறுபடி பேசியது. அவள் போய்க்கொண்டிருந்த அதே சாலையைச் சொல்லி, முன்னே தரை முழுவதும் உறைந்துவிட்டது, வாகனங்கள் மோதிக் கிடக்கின்றன, உடனே சாலையை விட்டு வெளியேறுங்கள் என்று எச்சரித்தார்கள். சற்று முன்னால் வெளியேறும் வழி தெரிந்தது. பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து இறங்கிவிட்டாள். இன்னும் ஓர் அழைப்பு குறுக்கே வந்திருந்தால் அந்த எச்சரிக்கை அவள் காதில் விழுந்திருக்காது.

"உன்னோடை ஆர் பேசினதெண்டு தெரியுமோ பிள்ளை?" என்றேன்.

"ரேடியோக்காரர் அப்பா," என்று அழுகைக்குள் சிரித்தாள். பிறகு மெல்ல, "ஓம் அப்பா, தெரியும்," என்றாள்.

அன்று எங்கள் வீட்டில் எழுந்த துதிப்பாடலைக் கேட்டுக் கீழ்வீட்டு ஜெர்மன்காரர் கதவைத் தட்டினார். காரணத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மறுநாள், பனி உருக உப்புத் தூவிய சாலையில், ஷாலினி வந்து இறங்கினாள். அவளைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இப்போது தரை உறையும் என்று அறிவித்தால் பயணமே இல்லை. புறப்படும் நாளில் புறப்படுமுன் சேர்ந்து ஜெபிக்கிறோம். வழியில் அழைப்பதில்லை. என் பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதை யாரிடம் கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று மட்டும் கற்றுக்கொண்டேன்.

அன்பானவர்களே, உங்கள் பிள்ளையும் இந்தக் குளிரில் எங்கோ வழியில் இருக்கலாம். உங்கள் கலக்கத்தைப் பிள்ளையின் காதில் கொட்டாதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள். நம் கை எட்டாத சாலையிலும் அவர் இருக்கிறார். என் மகள் உயிரோடு இருக்கிறாள். அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?