கேட்டு வாங்கினால் துளிர்க்காது

பழைய தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அக்காவைக் கூப்பிட்டவள் நான்தான். அதனால் அன்று பட்டதற்கெல்லாம் வேறு யாரையும் நொந்துகொள்ள முடியாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

2006, ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அக்காவும் மாமாவும் கடலூரில், தேவனாம்பட்டினம் பக்கம், கடலிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். பிள்ளை குட்டி கிடையாது. சுனாமி வந்த காலையில் மாமா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அக்கா வீட்டில் தனியாக இருந்தாள். தண்ணீர் கழுத்துவரை வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள். இது எனக்குத் தெரிந்தது மறுநாள் மத்தியானம். அதுவரைக்கும் நான் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களின் முகத்துணியை விலக்கி விலக்கி அவளைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் மஞ்சக்குப்பத்துக்கு வரச் சொல்வேன்.

வீட்டைக் காலி செய்துவிட்டு சிதம்பரம் வந்துவிடு என்று ஒன்றரை வருஷமாகக் கரடியாகக் கத்தினேன். அக்கா பிடி கொடுக்கவில்லை. வீட்டைச் சுற்றி அவள் ஒரு பூந்தோட்டம் வைத்திருந்தாள். கடல் கொண்டுவந்து கொட்டிய கறுப்புச் சேற்றில் அது ஒரே வாரத்தில் கருகிப்போனது. விவசாய ஆபீஸில் சொன்னார்கள் என்று உப்பு போக ஜிப்சம் போட்டாள், உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கிக் கொத்தினாள். கோரை முளைத்தது, பூச்செடி ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவளே ஒரு வாக்குக் கொடுத்தாள். எப்படியும் ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த ஆடி முடிவதற்குள் அந்த மண்ணில் ஒரே ஒரு பூச்செடி துளிர்த்துவிட்டால் அவள் அங்கேயே இருப்பாள். துளிர்க்காவிட்டால் நான் கைகாட்டும் வீட்டுக்கு வருவாள். அக்கா சொன்ன சொல் மாறமாட்டாள். மாமா ஒரு கல்லுளிமங்கன். அவரைக் கேட்டால், "அவ எங்கயோ நான் அங்க" என்பதோடு சரி.

ஆக, அந்த மண்ணில் ஒரு இலைகூட முளைக்கக் கூடாது என்று தில்லைக் காளியிடம் வேண்டிக்கொண்டு திரிந்தவள் நான். வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இல்லை.

அண்ணாமலை நகரில் ஒரு வீடு காலியாக இருந்தது. பின்பக்கம் நல்ல தண்ணீர்க் குழாய், நாலு செடி வைக்க மண். சும்மா கூப்பிட்டால் வரமாட்டாள் என்பதால், பழைய தோட்டமாக மூன்றைப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டையும் எட்டிப் பார்க்கலாம் என்று கார் பிடித்தேன். அவள் உடனே சரி என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மஞ்சக்குப்பத்தில் வண்டி ஏறும்போது ஒரு கையில் யூரியா சாக்கு, இன்னொரு கையில் ஈரத்துணி. ஹேண்ட்பேகில் காய் நறுக்குகிற கத்தி வேறு.

முதல் தோட்டம் மேல்பட்டாம்பாக்கம் தாண்டி. வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா, தண்ணீர் இல்லாத நீரூற்று, இருபக்கமும் புளிய மரம், உள்ளே ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்குச் செம்பருத்தி. நான் நீரூற்றின் கல்வேலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். செம்பருத்தி மறைவில் குனிந்திருந்தாள். மாமா வாட்ச்மேனிடம் அந்தப் பங்களாவுக்கு எத்தனை கதவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷன், கதவு எண்ணுகிறார். இரண்டு பேரும் கூட்டு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வாட்ச்மேன் பார்த்துவிட்டார். என் மானம் கப்பலேறியது. ஆனால் அவர் நல்ல மனுஷன். திட்டவில்லை. வேணும்னா சொல்லுங்கம்மா, நானே நல்ல குச்சியா வெட்டித் தரேன் என்று அரிவாள் எடுத்து நாலு குச்சி வெட்டிக் கொடுத்தார். அக்கா முகம் செத்துப்போய்விட்டது. வாங்கிக்கொண்டாள், கார் வரைக்கும் கொண்டுவந்தாள், புளிய மரத்தடியில் போட்டுவிட்டாள். ஏன் என்றேன்.

"கேட்டு வாங்குனா துளிக்காதுடி. திருடி வெச்சாதான் வரும். தெரியாத மாதிரி கேக்கற."

தெரியும். எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? வெற்றிலைக் கொடியும் திருடியதுதான், மணி பிளாண்டும் திருடியதுதான். ஆனால் ஐம்பத்து நாலு வயதில், கழுத்தில் தாலிச்சங்கிலி தொங்க, ஒரு பொம்பளை அடுத்தவன் தோட்டத்துக்குள் கத்தியோடு பதுங்குவதை நான் பார்த்ததில்லை. மாமா மறுபடி இறங்கி, வாட்ச்மேனிடம் ஜன்னல் எத்தனை என்று கேட்கப் போனார். அக்கா மறுபடி செம்பருத்திக்குள் போனாள். நான் தலையில் அடித்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன்.

சிதம்பரத்துக்கு வந்தோம். ஊர் ஓரத்தில் ஒரு மடத்து நந்தவனம். எத்தனையோ தலைமுறையாகக் கோயிலுக்குப் பூ கட்டுகிற இடம். அரளி, நந்தியாவட்டை, பவளமல்லி எல்லாம் பாத்தி பாத்தியாக நின்றன. இங்கேயாவது சும்மா இரு, சிவன் சொத்து குலநாசம் என்று கெஞ்சினேன்.

"எனக்கு ஏதுடி குலம், நாசமாப் போறதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே அரளிப் பக்கம் போனாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை அறையலாம் போல இருந்தது. சாக்கில் ஐந்து குச்சி சேர்ந்திருந்தது, பிறகு பதினொன்று ஆனது. ஒவ்வொன்றையும் ஈரத்துணியில் சுற்றும்போது பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி அவ்வளவு பக்குவம். பதினொன்றில் ஒன்றாவது பிடித்துவிட்டால் என்ன செய்வது? கணக்கு டீச்சர் அல்லவா, நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். பயம் ஜாஸ்தியானது.

மூன்றாவது தோட்டம் குமராட்சியில், கொள்ளிடம் பக்கம். ஒரு பழைய மிராசுதார் வைத்தது. இப்போது வீட்டுக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. காவலுக்கு ஒரு அம்மா இருந்தார்கள். முந்தின வருஷ வெள்ளத்தில் பத்து நாள் தண்ணீர் நின்று பாதித் தோட்டம் அழுகிவிட்டதாம். எது அழுகியது, எது தப்பித்தது, தப்பித்தது எந்த மேட்டில் நின்றது என்று அக்கா ஒவ்வொன்றாக விசாரித்தாள். அந்த அம்மா அவளைக் கரையோரம் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டே போனார்கள். மாமா சிமெண்ட் பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். சாக்கு மாமர நிழலில் இருந்தது.

மணி ஒன்று. நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய், வெயிலில் நின்ற காரின் பின்கண்ணாடி ஓரத்தில் வைத்து, நாலு கண்ணாடியையும் ஏற்றிக் கதவைச் சாத்தினேன். கைதவறி அல்ல, மறதியாக அல்ல, தெரிந்தேதான் செய்தேன். கண்ணாடிக்குள் அந்தச் சாக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டும் நின்றேன்.

இரண்டரை மணிக்கு அக்கா வந்தாள். சாக்கை யார் வண்டியில் வைத்தது என்று கேட்டாள். எறும்பு ஏறியது, அதனால் நான்தான் வைத்தேன் என்றேன். அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை. அண்ணாமலை நகர் வரைக்கும் அதன் மேல் கை வைத்தபடியே வந்தாள்.

வீட்டுக்காரர் மாடியில் இருப்பவர், ரிட்டயரான மனுஷர், நறுக்கென்று பேசுவார். சாவியைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேலே போய்விட்டார். அக்கா நேராகப் பின்பக்கக் குழாயடிக்குப் போய்ச் சாக்கைப் பிரித்தாள். இலையெல்லாம் வெந்த கீரையாகிக் கிடந்தது. குச்சிகளின் தோல் கையோடு வந்தது. பதினொன்றையும் ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்து ஓரமாக வைத்தாள். துணியை அலசிப் பிழிந்தாள். பிறகு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். குழாயில் கை ஏந்தித் தண்ணீர் குடித்தாள்.

"நல்ல வீடு. தண்ணியும் நல்லாருக்கு. ஆடி முடியட்டும், வந்துடறோம்."

இதைத்தானே ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்? நான் வாய் திறப்பதற்குள் அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அங்க எறும்பெல்லாம் இல்லடி. நான் பாத்துட்டுத்தான் வெச்சிட்டுப் போனேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"நீ ஆஸ்பத்திரியில என்னத் தேடுனத மாமா சொன்னாரு. அதுக்காவத்தான் ஒனக்கு வாக்கு குடுத்தேன். எனக்கு பயம் அன்னிக்கே போயிடிச்சி. ஒனக்குத்தான் போவல."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கழுத்துவரை தண்ணீரில் நின்றவள் இவள். பயப்பட வேண்டியவள் இவள். இவள் எனக்காக வீடு மாறுவாளாம், நான் இவளை வாழவைப்பதாக நினைத்துக்கொண்டிருப்பேனாம். விறுவிறுவென்று வெளியே போனேன். காம்பவுண்டு ஓரம் வீட்டுக்காரரின் நந்தியாவட்டை நின்றது. கத்திகூட இல்லை, கையாலேயே ஒரு கிளையை முறுக்கி ஒடித்தேன். மாடியிலிருந்து, என்னம்மா பண்றீங்க என்று குரல் வந்தது. சும்மா சார் என்றேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் சொல்கிற அதே சும்மா.

கிளையை அக்காவிடம் நீட்டி, இதைக் கொண்டு போய் நட்டுத் தொலை என்றேன். அவள் கையை நீட்டவில்லை.

"திருடுன கைதான் நடணும். இல்லன்னா புடிக்காது."

இது எந்த ஊர் வழக்கம், இந்த நிமிஷம் கண்டுபிடித்ததுதானே என்று கத்தினேன். அக்கா மாமாவைப் பார்த்தாள். காலையிலிருந்து கதவும் ஜன்னலும் தவிர வேறு எதுவும் பேசாத அந்த மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமாம்மா, அது உண்மதான்" என்றார்.

அப்படித்தான் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அக்காவின் அந்த வீட்டுக்குள் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு சுவிட்ச் போர்டுக்கு மேலே அப்படியே இருந்தது. வெள்ளையடித்தால் என்ன கேடு என்று கேட்டேன். அவள் பிடித்துக்கொண்டு நின்ற ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். கம்பி துருப்பிடித்திருந்தது. அதைத் தாண்டிக் கொல்லைக்குப் போய்க் குந்திக்கொண்டு, அந்தக் கறுப்பு மண்ணைக் கொத்தி, கிளையை நட்டேன். அக்கா பின்னாலேயே நின்று ஆழமா வைக்காத, அழுவிடும், சாய்ச்சு வை, இப்பிடியா வைப்பாங்க என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். நீயே வந்து நடு என்று திரும்பினேன். அவள் கண் கலங்கி நின்றாள். நான் கிளையைச் சாய்த்து வைத்தேன்.

மறுநாள் அண்ணாமலை நகர் வீட்டுக்காரர் போன் செய்து, வீடு தருவதற்கில்லை என்றார். செடி ஒடிக்கிற குடும்பத்துக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்துக் கடலூர் போனேன். வீடு தேடுகிறேன், அதைப் பற்றிப் பேசத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். போனதும் நேராகக் கொல்லைக்குத்தான் போவேன். இரண்டாவது வாரம் இலை உதிர்ந்தது. நாலாவது வாரம் நுனி கறுத்தது. ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை. தில்லைக் காளி என் வேண்டுதலை ஒழுங்காகத்தான் நிறைவேற்றியிருந்தாள்.

உள்ளே வந்தேன். அக்கா பரணிலிருந்த பாத்திரங்களை இறக்கி ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமா சணல் கயிற்றை நீளம் பார்த்து அறுத்துக்கொண்டிருந்தார். வாக்கு வாக்குதான், வேற வீடு பாத்துட்டியா என்று தலையைத் தூக்காமல் கேட்டாள். பார்த்திருந்தேன். சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்தில், முந்தின நாள்தான் பேசி முடித்திருந்தேன்.

"பாக்கல. ஆனி வெயில்ல வெச்சா எந்தக் குச்சிதான் புடிக்கும்? ஐப்பசி மழ வரட்டும், நான் இன்னொண்ணு திருடிக்கிட்டு வரேன். அதுவரைக்கும் அந்தப் பாத்திரத்த எல்லாம் எடுத்து மேல வை."